பெரிய பார்ட்டி, பழைய பாக்கி: வசூலை எங்கே தொடங்குவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். திருப்பூரில் சின்ன அட்டைப்பெட்டி யூனிட். மூன்று பேரிடம் பணம் நிற்கிறது. முதலாவது ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி, பிரைவேட் லிமிடெட். பாக்கி 6 லட்சம், மிகப் பழைய பில்லுக்கு 14 மாதம் ஆகிறது. நடுநடுவே முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று போடுகிறார்கள், ஆர்டரும் நிற்கவில்லை. இரண்டாவது உள்ளூர் பனியன் வியாபாரி, தனி முதலாளி. 1.8 லட்சத்துக்குச் செக் கொடுத்துவிட்டு "இப்போ போடாதீங்க" என்கிறார். மூன்றாவது ஆள் கடையையே மூடிவிட்டார். 90 ஆயிரம். போன் எடுப்பதில்லை. வக்கீல் நோட்டீஸ் விட்டால் பெரிய பார்ட்டி ஆர்டரை நிறுத்திவிடுவாரோ என்று பயமாகவும் இருக்கிறது.

பயம் நியாயம்தான். ஆனால் வக்கீல் நோட்டீஸ் கடைசிப் படி. அதற்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது, பெரும்பாலான பாக்கி அந்த இடைப்பட்ட வேலையிலேயே வந்துவிடும்.

பணம் இறுக்கமாக இருக்கும் ஒரு கம்பெனியில் பேமென்ட் எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். சம்பளம், கரண்ட் பில், வங்கித் தவணை முதலில் போகும். அடுத்து நூல்காரர், சாயப்பட்டறை. அவர்கள் நிறுத்தினால் உற்பத்தியே நின்றுவிடும். மிச்சம் இருப்பதில்தான் பெட்டி, லேபிள், பாலிபேக் கொடுத்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசையில் யாருக்குக் கொடுக்காமல் விட்டால் தனக்குச் செலவோ தலைவலியோ வரும் என்று அக்கவுண்டன்டுக்குத் தோன்றுகிறதோ, அவருக்குத்தான் பணம் போகும். பொறுமையாக இருப்பவருக்கு அடுத்த மாதம். ஆகவே உங்கள் பில்லைக் கொடுக்காமல் வைத்திருப்பது அவருக்குச் செலவு பிடிக்கும் விஷயம் என்று ஆக்க வேண்டும். அதற்கான கருவிகளைச் சட்டமே கொடுத்திருக்கிறது. சிறு உற்பத்தியாளர்கள் பலர் அவற்றைத் தொடுவதே இல்லை.

முதல் வேலை, முதலாளிக்குப் போன் செய்வதை நிறுத்துவது. முதலாளி "பார்க்கிறேன், அடுத்த வாரம்" என்றுதான் சொல்வார். அதற்கு மேல் அவருக்கே தெரியாது. நேராக அக்கவுண்ட்ஸுக்குப் போங்கள். "சார், எங்க பில் எதெல்லாம் பாஸ் ஆகல?" என்று கேளுங்கள். பாக்கி பில்களில் சில, பணம் இல்லாததால் நிற்பவை அல்ல என்று அப்போதுதான் தெரியும். ஒன்றில் பர்ச்சேஸ் ஆர்டர் எண் தப்பு. ஒன்றில் 500 பெட்டிக்குப் பில் போட்டு, கேட் பதிவில் 480 என்று இருக்கிறது. இன்னொன்றின் டெலிவரி சலானில் செக்யூரிட்டி முத்திரை இல்லை, அதனால் ஸ்டோர்ஸ்காரர் ஏற்றவே இல்லை. இவை ஒரு மத்தியானத்தில் தீரும் விஷயங்கள். ஆனால் நீங்கள் போய்க் கேட்காத வரை யாரும் சொல்ல மாட்டார்கள், சும்மா இருக்கிற பில்லை எழுப்பிவிட அவர்களுக்கு என்ன அவசியம்?

திரும்பி வரும்போது கையோடு ஒரு காகிதம் வாங்கி வர வேண்டும். பேலன்ஸ் கன்பர்மேஷன். உங்கள் லெட்டர்ஹெட்டில் இவ்வளவு போதும்: "31.3 தேதியில் தங்களிடமிருந்து எங்களுக்கு வரவேண்டிய பாக்கி ரூ. 6,04,350. பில் வாரியான பட்டியல் கீழே உள்ளது. கணக்கு சரியென்றால் கையெழுத்தும் முத்திரையும் இட்டுத் தரவும். வித்தியாசம் இருந்தால் பில் எண்ணைக் குறிப்பிட்டு எழுதவும்." ஆடிட்டுக்காக எல்லாக் கம்பெனிகளும் இதைக் கேட்டு வாங்குவதும் கொடுப்பதும் வழக்கம். அதனால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். உறவு நன்றாக இருக்கும்போதே இதை வாங்கிவிடுங்கள். சண்டை வந்த பிறகு கேட்டால் கிடைக்காது.

இந்தக் கையெழுத்து ஏன் முக்கியம்? வழக்குப் போட உங்களுக்கு உள்ள காலம் மூன்று வருடம். 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, கடன் நாள் எதுவும் பேசாமல் சரக்குக் கொடுத்திருந்தால் டெலிவரி தேதியிலிருந்தும், கடன் நாள் பேசியிருந்தால் அது முடிந்த தேதியிலிருந்தும் ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனியாக எண்ண வேண்டும். அந்த மூன்று வருடத்துக்குள் அவர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம். "அப்பப்ப பணம் போட்டுக்கிட்டுத்தானே இருக்கார், அதுவே ஒப்புக்கொண்ட மாதிரிதானே" என்று நினைப்பீர்கள். பகுதிப் பணம் வந்தாலும் காலம் நீளும், ஆனால் அதற்கும் அவர் கைப்பட எழுதிய அல்லது கையொப்பமிட்ட ஒரு பதிவு வேண்டும் என்கிறது சட்டம். அக்கவுண்டில் வந்து விழுந்த முப்பதாயிரத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள். ஈமெயிலில் பதில் வந்தாலும் பத்திரப்படுத்துங்கள், உதவும். ஆனாலும் கையெழுத்திட்ட காகிதமே பாதுகாப்பு.

அந்த முப்பதாயிரம், ஐம்பதாயிரத்தை உங்கள் லெட்ஜரில் எப்படி ஏற்றியிருக்கிறீர்கள்? "ஆன் அக்கவுண்ட்" என்று மொத்தமாகப் போட்டிருந்தால் இன்றே மாற்றுங்கள். எந்தப் பில்லுக்கு என்று அவர் சொல்லாமல் பணம் அனுப்பினால், எந்தப் பாக்கியில் கழிப்பது என்பது உங்கள் விருப்பம். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. மிகப் பழைய பில்லில் கழியுங்கள். கழித்ததை அன்றே ஒரு வரி மெயிலில் தெரிவித்துவிடுங்கள்: "நேற்று வந்த ரூ. 50,000-ஐ பில் 214-இல் வரவு வைத்திருக்கிறோம், அதில் இன்னும் ரூ. 12,400 பாக்கி." காலாவதியாகும் ஆபத்து பழைய பில்லுக்குத்தான், அது முதலில் கழியட்டும்.

சரி, இப்போது கருவிகளுக்கு வருவோம். உங்களிடம் உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருக்கிறதா? நீங்கள் உற்பத்தியாளர், குறு அல்லது சிறு நிறுவனம் என்ற வகையில் வருவீர்கள். இருந்தால் மூன்று விஷயம் உங்கள் பக்கம்.

ஒன்று, 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டுச் சட்டம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. பர்ச்சேஸ் ஆர்டரில் "90 நாள் கிரெடிட்" என்று அச்சடித்திருந்தாலும் இந்தச் சட்டத்தின் முன் அது நிற்காது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. பேங்க் ரேட் 6.75 சதவீதமாக இருந்த காலத்துக்குக் கணக்குப் போட்டால் வருடத்துக்கு 20.25 சதவீதம், 6 லட்சத்துக்கு ஒரு வருடக் கூட்டு வட்டி ஏறக்குறைய 1.33 லட்சம். இந்த வட்டியை அவர் வருமான வரியில் செலவாகவும் காட்ட முடியாது.

இன்னொரு நுணுக்கமும் இதே சட்டத்தில் இருக்கிறது. சரக்கு கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லவில்லை என்றால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். எட்டு மாதம் கழித்து, பணம் கேட்கும்போது, "உங்க பெட்டி பிளை வீக்கா இருந்துச்சு, கன்டெய்னர்ல நசுங்கிடுச்சு" என்று ஆரம்பிப்பது பழைய வித்தை. அதற்கு வாய்ப்பேச்சில் பதில் சொல்லாதீர்கள். அன்றே மெயில் போடுங்கள்: எந்த லோடு, எந்தத் தேதி, ஏன் அப்போது சொல்லவில்லை என்று. பதில் எழுதப்படாத புகார் பின்னால் வழக்கில் வளர்ந்து நிற்கும்.

இரண்டாவது, வருமான வரிச் சட்டத்தில் 2023 பட்ஜெட் சேர்த்த 43பி(எச்) பிரிவு. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. 2025-ஆம் ஆண்டு புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண் மாறினாலும் விஷயம் இதுதான்: குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணம், மேலே சொன்ன 15 அல்லது 45 நாள் கெடுவைத் தாண்டி, மார்ச் 31 அன்றும் கொடுக்கப்படாமல் நின்றால், அந்தத் தொகையை அந்த வருடச் செலவாகக் கழிக்க முடியாது. கொடுக்கிற வருடத்தில்தான் கழிக்கலாம். அவர் 25 சதவீத வரி கட்டுகிறார் என்று வைத்தால், 6 லட்சத்துக்கு அந்த வருடம் ஒன்றரை லட்சம் வரை கூடுதல் வரி. உங்களுக்குக் கொடுக்காமல் வைத்த பணத்தில் ஒரு பகுதி அரசாங்கத்துக்குப் போகிறது. இதை அவருடைய ஆடிட்டர் நன்றாகவே அறிவார். அவருக்குத் தெரியாதது நீங்கள் குறு நிறுவனமா, நடுத்தர நிறுவனமா, வியாபாரியா என்பதுதான். ஆகவே உத்யம் சான்றிதழ் நகலை இணைத்து, பில் பட்டியலோடு, பிப்ரவரி மாதமே ஒரு மெயில் அனுப்புங்கள். மிரட்டல் வேண்டாம்; "தங்கள் ஆண்டுக் கணக்குக்காக" என்று எழுதினால் போதும். மார்ச் கடைசி வாரத்தில் பணம் வருவதை நானே பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

(2024 தொடக்கத்தில், இந்த விதிக்குப் பயந்து பெரிய பார்ட்டிகள் உத்யம் இல்லாத சப்ளையரிடம் மாறிவிடுவார்கள் என்று சந்தை முழுக்க ஒரே பேச்சு. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது என்பதும் உண்மை. ஆனால் தரமான பெட்டி நேரத்துக்குத் தருபவரை ஒரு வரிப் பிரிவுக்காக யாரும் லேசில் மாற்றுவதில்லை.)

மூன்றாவது ஜிஎஸ்டி. இதற்கு உத்யம்கூட வேண்டாம். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் சப்ளையருக்குப் பணம் தரவில்லை என்றால், அந்தப் பில்லில் எடுத்த உள்ளீட்டு வரிக் கிரெடிட்டை, அதாவது உங்கள் பில்லில் உள்ள ஜிஎஸ்டிக்காகத் தன் வரியில் கழித்துக்கொண்டதை, வட்டியோடு திருப்ப வேண்டும். பணம் கொடுத்த பிறகு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பழைய பில் 14 மாதத்துக்கு முந்தையது. அவர் கிரெடிட்டைத் திருப்பியிருக்கிறாரா என்று கேட்டு அக்கவுண்டன்டுக்கு ஒரு மெயில் போட்டுப் பாருங்கள். அநேகமாகத் திருப்பியிருக்க மாட்டார். அந்தக் கேள்வி வந்தபின் உங்கள் பில் வரிசையில் கொஞ்சம் மேலே ஏறும்.

இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால் எம்எஸ்எம்இ வசதியாக்கல் கவுன்சில், அதாவது குறு, சிறு நிறுவனங்களின் பாக்கித் தகராறைத் தீர்க்க மேலே சொன்ன 2006 சட்டப்படி அமைந்த மன்றம். ஆன்லைனிலேயே மனு கொடுக்கலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர், மதுரை, திருச்சியில் கவுன்சில்கள் இயங்கி வருகின்றன. முதலில் சமரசம் பேசுவார்கள், சரிவரவில்லை என்றால் நடுவர் தீர்ப்பு. 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடப்பில் அதற்கு மேல் ஆகும், மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். இதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது: தீர்ப்பு உங்களுக்குச் சாதகமாக வந்து, அவர் அதை எதிர்த்து நீதிமன்றம் போக வேண்டுமானால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். "கேஸ் போடுங்க, பத்து வருஷம் இழுக்கிறேன்" என்று சொல்பவருக்கு இது கடிவாளம்.

ஒரு எச்சரிக்கை. சரக்கு கொடுத்தபோதே உங்களுக்குப் பதிவு இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021, 2022 தீர்ப்புகளில் சொன்னது. 2025-இல் இந்தக் கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது. உங்கள் உத்யம் தேதிக்கு முந்தைய பில் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் பணம் வரும்போது அவற்றையே முதலில் கழியுங்கள். கவுன்சிலுக்குப் போகிறோமே என்று மூன்று வருடக் கணக்கை மறக்கவும் வேண்டாம்.

யாராவது உங்களிடம் "என்சிஎல்டி-யில் போட்டுவிடுவோம், கம்பெனியே ஆடிவிடும்" என்று சொல்லியிருப்பார்கள். கம்பெனிகளின் திவால் வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயம் அது. 2020 மார்ச்சிலிருந்து அதற்குக் குறைந்தபட்ச பாக்கி 1 கோடி. உங்களுக்குப் பொருந்தாது. வணிக நீதிமன்றம் 3 லட்சத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும், ஆனால் அவசரத் தடை உத்தரவு எதுவும் கேட்காத வழக்கு என்றால் முதலில் சமரச மையத்துக்குப் போய் வந்தாக வேண்டும். தமிழ்நாட்டில் கோர்ட் ஃபீஸ் 2017-இலிருந்து 3 சதவீதம்தான், முன்பு ஏழரை இருந்தது. உங்கள் முதல் பார்ட்டிக்குக் கவுன்சிலே நல்ல வழி என்பது என் கருத்து. போலீஸில் புகார் கொடுப்பதை மறந்துவிடுங்கள். வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்ட முடியாதவரை இது சிவில் விவகாரம். ஆள் வைத்து வீட்டுக்கு அனுப்புகிற வேலை அதைவிட மோசம். பணம் வாங்க வேண்டிய நீங்கள் ஸ்டேஷனில் உட்கார வேண்டி வரும்.

ஆர்டர் தொடர்கிறது என்றீர்களே, உண்மையில் உங்கள் கையில் உள்ள பெரிய பிடியே அதுதான். ஷிப்மென்ட் தேதி நெருங்கும்போது பெட்டி இல்லாமல் சரக்கு கிளம்பாது. "புது லோடு முழுக்க அட்வான்ஸ், கூடவே பழைய பில்லில் ஒன்று" என்று பேசுங்கள். அப்படியே நிறுத்திவிடுவதைவிட இது நல்லது. அவர் வேலையும் நிற்காது, பழைய பாக்கியும் கரையும். கடைசி நேரத்தில் லாரியை நிறுத்தி வைத்துப் பேரம் பேசாதீர்கள், ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது ஆளின் செக்கில் தேதி போட்டிருக்கிறதா? போட்ட தேதியிலிருந்து மூன்று மாதம்தான் உயிர். தேதி போடாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்திருந்தால் நீங்கள் நிரப்பலாம்; அவர் மனமுவந்து கொடுத்த செக் என்றால் அது பாக்கிக்காகத்தான் என்ற ஊகம் உங்கள் பக்கமே இருக்கும். ஆனால் செக் கொடுத்த பிறகு அவர் 40 ஆயிரம் பணமாகத் தந்திருந்தால் கவனம். முழுத் தொகைக்குச் செக்கைப் போட்டு அது திரும்பினால் கேஸ் நிற்காது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லிவிட்டது. வந்த தொகையைச் செக்கிலேயே குறித்துவிட்டுப் போட வேண்டும், அல்லது மிச்சத் தொகைக்குப் புதுச் செக் வாங்க வேண்டும். புதுச் செக் சுலபம்.

போட்டுத் திரும்பி வந்தால் நாட்களை எண்ணுங்கள். வங்கி மெமோ கிடைத்த 30 நாளுக்குள் செக் தொகையைக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ், ஸ்பீட் போஸ்டில். நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து அவருக்கு 15 நாள் அவகாசம். அதுவும் முடிந்து ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். உங்கள் கணக்கு இருக்கும் வங்கிக் கிளை எந்த எல்லையில் வருகிறதோ அந்தக் கோர்ட். தண்டனை இரண்டு வருடம் வரை அல்லது செக் தொகையில் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். வழக்கு நடக்கும்போதே 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு தரச் சொல்லவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. பெரும்பாலானவர்கள் சம்மன் வந்ததும் தவணை பேச வந்துவிடுவார்கள். பேசுங்கள், ஒவ்வொரு தவணைக்கும் தேதி போட்ட செக் வாங்கிக்கொண்டு. "இப்போ போடாதீங்க" என்பதற்கு மட்டும் இனி தலையாட்டாதீர்கள். "எந்தத் தேதியில போடட்டும், அந்தத் தேதியை நீங்களே எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள்.

மூன்றாவது 90 ஆயிரத்துக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். ஜிஎஸ்டி தளத்தில் அவர் எண்ணைப் போட்டால் பதிவு ரத்தாகிவிட்டதா, கடைசியாக எந்த மாதம் ரிட்டர்ன் போட்டார் என்று தெரியும். தனி முதலாளி என்றால் கடையை மூடினாலும் கடன் அவர் தலையில்தான். பங்குதாரர் நிறுவனம் என்றால் எந்தப் பங்குதாரரிடமும் முழுத் தொகையைக் கேட்கலாம். அதே ஆள் வீட்டார் பெயரில் வேறு பதிவெண் எடுத்து இரண்டு தெரு தள்ளிக் கடை வைத்திருப்பதும் நடக்கிற விஷயம், விசாரியுங்கள். ஆளும் சொத்தும் கண்ணில் பட்டால் சிவில் கோர்ட்டில் போடலாம். மக்கள் நீதிமன்றத்தில் அறுபது, எழுபது ஆயிரத்துக்கு ஒத்து வந்தால் வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள், கோர்ட் ஃபீஸும் திரும்பக் கிடைக்கும்.

எதுவும் கிடைக்கவில்லை என்றால் ஆடிட்டரிடம் சொல்லி வாராக்கடனாக எழுதிவிடுங்கள். வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். கடன் வராது என்று தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை, புத்தகத்தில் எழுதினாலே போதும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீங்கள் கட்டிய ஜிஎஸ்டி மட்டும் திரும்ப வராது. எழுதித் தள்ளியதால் அவரிடம் கேட்கும் உரிமை போய்விடாது. பின்னால் எப்போதாவது பணம் வந்தால், அந்த வருட வருமானத்தில் காட்டிவிடுங்கள்.